சோதனையில் தேறாத கச்சானைக் கையாளும் முறை

கமக்காரர்களே,

நிலம் பண்படுத்தி, விதையிட்டு, களை பிடுங்கி, காவல் காத்து, வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டிய கச்சானைக் கொள்வனவு செய்வோரிடம் ஒப்படைக்கின்றீர்கள். சில நாட்களின் பின் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு தாள் வருகின்றது. “இத்தொகுதி உணவுக்கு ஏற்றதன்று” என்று அதில் எழுதப்பட்டிருக்கின்றது. கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய கடன் அப்படியே இருக்கின்றது. மூட்டைகளும் திரும்பி வந்துவிட்டன. இவ்வேளையில் யாது செய்வது?

இக்கேள்விக்கு விடை கூறுவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும். விடையைச் சுருக்கமாக முதலிலேயே கூறிவிடலாம். தேறாத தொகுதியை மறைக்கவோ, நல்லதுடன் கலக்கவோ, கால்நடைக்கு இடவோ கூடாது. அதனைப் பிரித்து வைத்து, கேடு எம்மூட்டையில், எந்நிலத்தில் தொடங்கிற்று என்பதைக் கண்டுபிடித்தல் வேண்டும். அவ்வாறு செய்பவர் பெரும்பாலும் தமது விளைச்சலின் ஒரு பகுதியையேனும் காப்பாற்றிக்கொள்வார். கலந்துவிடுபவர் முழுவதையும் இழப்பார்.

நஞ்சு யாது?

கச்சான் சோதனையில் தேறாமற் போவதற்குப் பெரும்பாலும் காரணமாவது அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சாகும். அசுப்பெர்கிலசு பிளேவசு என்னும் பச்சை நிறப் பூஞ்சணமும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சிலவும் இதனை உண்டாக்குகின்றன. இப்பூஞ்சணம் வெளியூரிலிருந்து வருவதன்று. நமது மண்ணிலும், பழைய செடிக் கழிவிலும், களஞ்சியத்தின் மூலையிலும் அது எப்பொழுதும் உண்டு. காய் வெடித்தோ துளைபட்டோ இருந்து, சூடும் ஈரமும் ஒருங்கே வாய்க்குமாயின், அது பருப்பினுட் புகுந்து நஞ்சைச் சேர்க்கின்றது.

“பார்த்தால் நல்லாத்தானே கிடக்கு, ஐயா” என்பதே இவ்விடயத்தில் நாம் அடிக்கடி கேட்கும் சொல். இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. பூஞ்சணம் அழிந்த பின்னும் நஞ்சு பருப்பில் தங்கியிருக்கும். ஆதலால் கண்ணாற் பார்த்தும் வாயிற் போட்டும் இதனை நிச்சயிக்க இயலாது. கசக்கும் பருப்பும் பூஞ்சணம் பிடித்த பருப்பும் ஐயத்துக்குரியவை என்பது உண்மையே. ஆயினும், நன்றாகத் தோன்றுவன யாவும் நல்லவை என்பது உண்மையன்று.

அதிக அளவில் இதனை உட்கொண்டால் ஈரல் உடனே கெட்டு உயிராபத்து நேரலாம். சிறுகச் சிறுகப் பல்லாண்டு உட்கொண்டால் ஈரலிற் புற்றுநோய் உண்டாகலாம். மஞ்சட் காமாலையை உண்டாக்கும் ‘பி’ வகை ஈரல் அழற்சியை உடையோருக்கு இவ்வாபத்துப் பன்மடங்காகும்.

உலகம் கற்ற பாடம்

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணந் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபொழுது, அவற்றின் தீனியிற் சேர்க்கப்பட்ட, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கே காரணமெனத் தெரிந்தது. அவ்வாராய்ச்சியின் வழியாகவே அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு அறியப்பட்டது.

1974இல் இந்தியாவின் இராசத்தான், குசராத்து மாநிலங்களின் எல்லைக் கிராமங்களில், அறுவடைக் காலத்து மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளனை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2004இல் கென்யா நாட்டிலும் இதே போன்று கெட்ட சோளனால் 125 பேர் மாண்டனர். இவர்களுட் பலர் தமது நிலத்தில் தாமே விளைவித்த தானியத்தை உண்டவர்களே. சந்தை ஏற்காததை வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

நமது நாட்டிலும் 2021 மார்ச்சு மாதத்தில், இறக்குமதி செய்யப்பட்ட சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேலாக இந்நஞ்சு காணப்பட்டது. அவ்வெண்ணெயை மீள் ஏற்றுமதி செய்யுமாறு பணிக்கப்பட்டது. சோதனை முடிவு வருமுன் எப்பொருளும் சந்தைக்குப் போகலாகாது என்பதை மக்கள் யாவரும் அப்பொழுது உணர்ந்தனர். பெரிய கப்பலில் வந்த எண்ணெய்க்கு உரிய அவ்விதி, படுவான்கரையில் ஒரு குடிசையில் அடுக்கப்பட்டிருக்கும் 20 மூட்டை கச்சானுக்கும் உரியதே.

அறிக்கையை வாசிக்கும் முறை

ஆய்வுகூட அறிக்கையில் “ஒரு கிலோகிராமில் இத்தனை மைக்கிரோகிராம்” என்று ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். மேலும் பதப்படுத்துவதற்கென விற்கப்படும் கச்சானுக்கு, கோடெக்ஸ் எனப்படும் சர்வதேச உணவு நியம ஆணைக்குழு விதித்த எல்லை 15 மைக்கிரோகிராம் ஆகும். ஐரோப்பிய நாடுகள் நேரே உண்ணத்தக்க கச்சானுக்கு 4 மைக்கிரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. எனவே, எச்சந்தைக்கு எவ்வெல்லை என்பதைக் கொள்வனவு செய்வோரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

15 மைக்கிரோகிராம் என்பது எவ்வளவு சிறிது என்பதை எண்ணிப் பாருங்கள். 50 கிலோ நிறையுள்ள 20 மூட்டைகளில், அதாவது ஆயிரம் கிலோவில், அஃது 15 மில்லிகிராம் மாத்திரமே. ஒரு சிறு உப்புக்கல்லின் நிறையளவே அதுவாகும். அத்துடன் இந்நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவி நிற்பதில்லை. ஆயிரம் பருப்பில் ஒன்றிரண்டு மாத்திரம் மிகக் கொடிதாகக் கெட்டிருக்க, ஏனையவை சுத்தமாயிருத்தல் கூடும். ஒரு பிடி கச்சானைச் சோதித்து முழுத் தொகுதியையும் மதிப்பிட முடியாமைக்குக் காரணம் இதுவே. கோடெக்ஸ் விதியின்படி ஒரு தொகுதிக்கு 20 கிலோ மாதிரி எடுக்கப்படுகின்றது.

மூன்று தவறான ஆலோசனைகள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கமக்காரரிடம் 20 மூட்டை கச்சான் உண்டு. அவற்றுட் 14 மூட்டைகள் மேட்டு நிலத்தில் விளைந்து நன்கு உலர்ந்தவை. 6 மூட்டைகள் கறையான் தின்ற ஓரத்து நிலத்தில் விளைந்தவை. பிடுங்கிய பின் இரண்டு இரவு குவியலாகக் கிடந்தவை. யாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூட்டை கட்டிவிட்டார். நல்ல பங்கில் நஞ்சு இல்லையெனவும், கெட்ட பங்கில் ஒரு கிலோவுக்கு 100 மைக்கிரோகிராம் எனவும் கொள்வோம். கலவையில் அது 30 ஆகின்றது. எல்லை 15. ஆகவே 20 மூட்டைகளும் தேறவில்லை. 6 மூட்டையின் குற்றம் 14 மூட்டையையும் கெடுத்துவிட்டது.

இக்கமக்காரரிடம் அயலவர் மூவர் மூன்று ஆலோசனை கூறுவர்.

முதலாமவர், “இன்னும் நல்ல கச்சான் வாங்கிக் கலந்துவிடு, அளவு குறைந்துவிடும்” என்பார். கணக்கில் சராசரி குறையலாம். ஆனால், அள்ளித் தின்னும் குழந்தைக்குச் சராசரி கிடைப்பதில்லை. அதன் கையில் அகப்பட்ட பருப்பே கிடைக்கின்றது. ஐரோப்பிய நாடுகளில் இவ்வாறு கலப்பது சட்டத்தாலேயே தடுக்கப்பட்டுள்ளது. நமது நாட்டிலும், உண்பவருக்குத் தீங்கு தரும் உணவை விற்பதை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடை செய்கின்றது. தீங்கென அறிந்த பின் விற்பவருக்கு “அறியாமற் செய்தேன்” என்று கூறவும் வழியில்லை.

இரண்டாமவர், “வறுத்து விற்கலாம், அல்லது செக்கில் ஆட்டி எண்ணெயாக்கலாம்” என்பார். வறுப்பதால் நஞ்சின் ஒரு பகுதி குறையலாம், முற்றாக அழியாது. அவிப்பதாலும் நீங்காது. செக்கில் ஆட்டும்பொழுது நஞ்சின் பெரும்பங்கு பிண்ணாக்கிற் சேர்கின்றது. எஞ்சியது வடிக்கப்படாத எண்ணெயில் தங்குகின்றது. ஆலைகளிற் காரஞ் சேர்த்துச் சுத்திகரிக்கும் முறையால் எண்ணெயிலிருந்து அதனை நீக்க இயலும். ஊர்ச் செக்கில் அவ்வசதி இல்லை.

மூன்றாமவர், “மாட்டுக்கும் கோழிக்கும் போடு” என்பார். இதுவே மிக எளிதாகத் தோன்றும். மிக எளிதாகத் தீங்கும் செய்யும். வாத்துக் குஞ்சு இந்நஞ்சை மிகச் சிறிதளவும் தாங்கமாட்டாது; கோழிக் குஞ்சுக்கும் இது தீங்கானதே. பசுவோ எருமையோ இதனை உண்டால், உண்ட நஞ்சில் நூற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரையான பங்கு, வேறுருவம் பெற்று ஒரு நாளைக்குள் பாலில் வெளிப்படுகின்றது. அப்பாலைக் காய்ச்சினாலும் தயிராக்கினாலும் அது நீங்குவதில்லை. மட்டக்களப்புத் தயிர் நாடெங்கும் பெயர்பெற்றது. ஒரு மூட்டை கச்சானின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் அப்பெயரைக் கெடுத்துக்கொள்ளலாமா? அத்தயிரை முதலில் உண்பவர் நமது வீட்டுப் பிள்ளைகளே அல்லரா?

செய்ய வேண்டியவை

1. அறிக்கை கிடைத்த அன்றே அத்தொகுதியின் மூட்டைகள் யாவற்றையும் ஏனைய விளைபொருளிலிருந்து பிரித்து, நிலத்திற் படாமல் மரச்சட்டத்தின் மேல், காற்றோட்டமான ஓரிடத்தில் அடுக்குக. நெல் மூட்டையுடனும் தீவனத்துடனும் சேர்த்து வைத்தல் கூடாது.

2. ஒவ்வொரு மூட்டையிலும் “உண்ணலாகாது” என்று பெரிய எழுத்தில் எழுதி, சிவப்புத் துணித்துண்டு ஒன்றையும் கட்டுக. வாசிக்கத் தெரியாத சிறுபிள்ளைகளும் கூலியாட்களும் அறியும்படி வீட்டார் யாவருக்கும் சொல்லி வைத்தல் வேண்டும்.

3. மூட்டைகளின் தொகை, நிறை, அறிக்கையின் திகதி, இலக்கம் என்பவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. பொதுச் சுகாதாரப் பரிசோதகரால் முத்திரையிடப்பட்ட மூட்டையாயின், அவரது அனுமதியின்றி அதனை அசைத்தலோ அவிழ்த்தலோ ஆகாது.

4. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவிக்க. வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. நோய் கண்ட பயிரைக் காட்டுவது போன்றதே இதுவும்.

5. நிலம் நிலமாக, நாள் நாளாக மூட்டைகள் வெவ்வேறாகக் கட்டப்பட்டிருப்பின், அவ்வாறே சிறு தொகுதிகளாக வகுக்க. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா மூட்டைகளிலிருந்தும், மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் கச்சான் எடுத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி அமைத்தல் வேண்டும். தேவையான நிறையை ஆய்வுகூடத்தாரிடம் முன்னரே கேட்டறிக. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம், கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் என்பன இச்சோதனையைச் செய்யும் ஆய்வுகூடங்களை உடையன. செலவு மிகுதியாகுமாதலால், அயலவர் சிலர் கமக்காரர் அமைப்பின் மூலம் ஒன்றுசேர்ந்து ஆலோசித்து அனுப்புதல் நலம். ஆயினும் ஒவ்வொருவர் மாதிரியும் வெவ்வேறாகவே இருத்தல் வேண்டும்.

6. அதிகாரியின் ஆலோசனையுடன் பருப்பைத் தெரிந்தெடுக்கலாம். சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, பூச்சி துளைத்தவை, பூஞ்சணம் பிடித்தவை ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்குக. கொடிய நஞ்சு சில பருப்பிலேயே நிற்பதால், இவ்வாறு பொறுக்குவது அளவைப் பெரிதும் குறைக்கும். இவ்வேலை செய்வோர் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். பொறுக்கிய பின்னும் மறுசோதனை தேறாமல் விற்றல் ஆகாது.

7. மறுசோதனையிலும் தேறாதவற்றையும், பொறுக்கி நீக்கியவற்றையும் அழித்துவிடல் வேண்டும். வீடு, கிணறு, மாட்டுப்பட்டி ஆகியவற்றுக்குத் தூரத்தில் ஒரு குழி வெட்டி, காற்று வீசும் திசை பார்த்து, சிறிது சிறிதாக எரித்துச் சாம்பலை மண்ணால் மூடுக. எழுவான்கரையின் மணல் நிலத்தில் கிணற்று நீர் மிக மேலே நிற்பதால், எரிக்காமற் புதைத்தல் நன்றன்று. வாவியில் ஒருபோதும் கொட்டலாகாது. 56 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாவி ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்களின் சோற்றுப் பானையாகும். கூட்டெருவிற் சேர்த்தலும், கோதைக் கோழிக்கூட்டிற் பரப்புதலும், விதைக்கென வைத்தலும் தவிர்க்கத் தக்கன. பூஞ்சணம் மறுபடியும் நிலத்துக்குப் போக அவை வழியாகும்.

காரணத்தைத் தேடுக

தேறாத அறிக்கையை ஒரு பாடமாகக் கொள்ளுவோருக்கு அடுத்த போகத்தில் அது பயன்தரும். கொப்பியைத் திறந்து கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதுக.

கடைசி மூன்று நான்கு வாரத்தில் பயிர் நீரின்றி வாடிற்றா? சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசும் காலத்தில் மண் சூடேறி வறள்கின்றது. அவ்வேளையில் முற்றும் காய் பூஞ்சணத்துக்கு எளிதில் இடங்கொடுக்கும். நீர் குறைவாயின் பயிரிடும் பரப்பைக் குறைத்து, முற்றும் பருவத்துக்கெனச் சிறிது நீரை ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை.

காய் உரிய நாளிற் பிடுங்கப்பட்டதா? சில காய்களை உடைத்துக் கோதின் உட்புறத்தைப் பார்க்க. அது பெரும்பாலானவற்றிற் கருங்கபில நிறம் அடைந்திருப்பின் அறுவடைக்கு உரிய நாள் அதுவே. பிந்தினால் காய் வெடிக்கும், பூச்சி தின்னும். முந்தினால் பருப்புச் சுருங்கும்.

மண்வெட்டி பட்ட காயும், கறையான் தின்ற காயும் நிலத்திலேயே விலக்கப்பட்டனவா? பூக்கும் பருவத்தில் ஜிப்சம் இடப்பட்டதா? சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நிலத்திற் கோது மெலிந்து எளிதில் வெடிக்கும்.

பிடுங்கிய செடி குவியலாகக் கிடந்ததா? பெரும்போகத்துக் கச்சான் மழை முற்றாக ஓயாத நாட்களிற் பிடுங்கப்படுவதால் இவ்விடயத்தில் மிக்க கவனம் வேண்டும். செடியைக் காய் மேலாகக் கவிழ்த்து உலர்த்துக. பின் காயைப் பறித்து, வெறுந் தரையிலன்றிப் படங்கின் மேல் மெல்லிய படையாகப் பரப்பி, அடிக்கடி கிளறுக. மாலையிலும் மழையிலும் மூடுக. பருப்பின் ஈரப்பதன் நூற்றுக்கு 7 அளவுக்கு இறங்கும்வரை உலர்த்துதல் வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்புக் கலகலவென ஒலிப்பதும், விரலாற் தேய்த்தால் தோல் கழலுவதும் நன்கு உலர்ந்தமைக்கு அடையாளம்.

கோது உடைக்குமுன் நீர் தெளிக்கப்பட்டதா? கை நோகாமல் உடைக்கவென்று பலர் இவ்வாறு செய்கின்றனர். பல நாள் வெயிலில் உலர்த்திய உழைப்பை ஒரு செம்பு நீர் வீணாக்கிவிடுகின்றது. இவ்வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும்.

நெல்லுக்கும் மரக்கறிக்கும்

இம்முறை கச்சானுக்கு மாத்திரம் உரியதன்று. வெட்டிய நெல்லை ஈரத்துடன் மூட்டை கட்டினாலும், புழுக்கிய நெல்லை மழைநாளில் மெதுவாக உலரவிட்டாலும் இதே நஞ்சு உண்டாகலாம். நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு மேற்படாதிருத்தல் வேண்டும். மழையில் நனைந்த சூட்டின் நெல்லை நனையாத நெல்லுடன் களவெட்டியிற் கலவாமல் வேறாக அடித்து, வேறாக உலர்த்தி, வேறாக மூட்டை கட்டுக.

மரக்கறியிற் தோன்றும் குற்றம் வேறு வகையானது. பயற்றங்காய், கத்தரி, பாகல், மிளகாய் முதலியன பெரும்பாலும் பீடைநாசினி மிச்சத்தாலேயே தேறாமற் போகின்றன. மருந்துப் போத்தலின் மேல் ஒட்டப்பட்ட தாளில், தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது குறிக்கப்பட்டுள்ளது. அந்நாட்கணக்குத் தப்பியிருப்பின், பறித்தவற்றைச் சந்தைக்கோ மாட்டுக்கோ கொடாமல் அழித்து, செடியில் நிற்பவற்றை உரிய நாள் கழியும்வரை பறியாது விடுக. நீரிற் கழுவுவதால் மேலே படிந்ததில் ஒரு பங்கு நீங்கலாம். செடி உறிஞ்சிய மருந்து நீங்காது. தெளித்த நாள், மருந்தின் பெயர், அளவு என்பவற்றை எழுதி வைத்திருப்பவரே குற்றம் எங்கே நேர்ந்ததென்று கண்டறிய இயலும்.

முடிவுரை

முன்னர்க் கூறிய உதாரணத்துக்கு மீண்டும் வருவோம். அக்கமக்காரர் அறுவடை நாளில் 6 மூட்டையை வேறாகவும் 14 மூட்டையை வேறாகவும் கட்டி, மூட்டையில் நிலத்தின் பெயரையும் திகதியையும் எழுதி வைத்திருப்பாராயின், 14 மூட்டையும் விலைப்பட்டிருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கரித்துண்டும், பிரித்துக் கட்டச் சிறிது பொறுமையுமே.

6 மூட்டையை எரிக்கும்பொழுது மனம் வருந்தும் என்பதை நாம் அறிவோம். அவ்வருத்தம் ஒரு போகத்துடன் தீரும். அவற்றை உண்ட ஒருவரின் ஈரல் கெடுமாயின் அவ்விழப்பை எப்போகத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

ஆதலால் கமக்காரர்களே, வரும் அறுவடையிலிருந்து நிலம் நிலமாகப் பிரித்து, நன்கு உலர்த்தி, அடையாளமிட்டு மூட்டை கட்டுங்கள். ஐயம் தோன்றும்பொழுது விற்குமுன் கேளுங்கள். மேலும் விபரம் வேண்டுவோர் தமது பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுவார்களாக.